விளம்பரத்தில் கார் எங்கே?

2021 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவில் சூப்பர் பவுல் இறுதியாட்டம் நடந்தது. அமெரிக்க ஃபுட்பாலின் உச்சப் போட்டியான இதைத்தான் அந்த நாட்டில் ஆண்டுதோறும் மிக அதிகம் பேர் டிவியில் பார்க்கிறார்கள். அந்த ஆண்டு 30 விநாடி விளம்பரத்துக்குக் கட்டணம் ஏறக்குறைய 55 லட்சம் டாலர். அத்தனை விலை உயர்ந்த நேரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மின்சார காருக்காக ஒரு விளம்பரத்தை ஓட்டியது. நகைச்சுவை நடிகர் வில் ஃபெரல் உலக உருண்டை ஒன்றைக் கைமுட்டியால் குத்துகிறார். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அமெரிக்காவைவிட நார்வேயில்தான் மின்சார கார் அதிகம் விற்கிறது என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நார்வேயை ஒரு கை பார்த்துவிடக் கிளம்புகிறார். வழி தவறி அவர் ஸ்வீடனில் போய் நிற்கிறார். நண்பர்கள் பின்லாந்துக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

விளம்பரம் சிரிக்க வைத்தது. நார்வேக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அங்குள்ள ஆடி கார் விற்பனைப் பிரிவு, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் நடித்த நார்வே நடிகர் கிறிஸ்டோஃபர் ஹிவ்யூவை வைத்து, கோபப்படுவதைவிட எங்களைப் பார்த்துச் செய்யுங்கள் என்று பதில் படம் எடுத்தது. ஃபோர்டின் நார்வே பிரிவும் அந்த நாட்டின் ஆக்டர் பல்கலைக்கழகமும் தங்கள் பங்குக்குக் களத்தில் இறங்கின. அடுத்த சில நாட்களுக்குப் பேச்செல்லாம் நார்வேயைப் பற்றியும் ஃபெரலைப் பற்றியும்தான். காரைப் பற்றிய பேச்சு குறைவு. பேசியிருந்தாலும் பயனில்லை. விளம்பரத்தில் ஃபெரல் ஓட்டிய காடிலாக் லிரிக் 2022-ல்தான் விற்பனைக்கு வந்தது. அன்று அமெரிக்க ஷோரூம்களில் அந்த நிறுவனத்தின் மின்சார கார் என்று இருந்தது செவ்ரோலே போல்ட் ஒன்றுதான். ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானோரை உசுப்பிவிட்டு, மறுநாள் காலை போய்ப் பார்க்க எதையும் கையில் கொடுக்காமல் அந்த விளம்பரம் முடிந்துவிட்டது.

இது ஒரு நிறுவனத்தின் சறுக்கல் என்றால் ஒதுக்கிவிடலாம். கடந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் மின்சார கார்களுக்காக வந்த பெரிய விளம்பரங்களையும் அவற்றுக்கு மக்கள் காட்டிய எதிர்வினைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், இதே குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது. அந்த விளம்பரங்கள் காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசின: பனிக்கரடி, தேசப் பெருமை, உழைப்பின் மகிமை, துணிச்சல், புதுமை. காரைப் பற்றிப் பேசாத இடத்தில் மக்கள் வேறெதையாவது பற்றி வாதாடினார்கள். பல நாடுகளில் இன்று மின்சார கார் என்றாலே ஆதரவு அணி, எதிர்ப்பு அணி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்களே, அந்தப் பிளவில் இந்த மௌனத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கேள்வியோடு பார்ப்பவர்கள்

பெட்ரோல் கார் விளம்பரம் எதையும் விளக்க வேண்டியதில்லை. மலைப்பாதையில் கார் வளைந்து ஓடினால் போதும். சிரிக்கும் குடும்பம் ஒன்று அதிலிருந்து இறங்கினால் போதும். பெட்ரோல் எங்கே கிடைக்கும், போட எவ்வளவு நேரம் ஆகும், பத்து வருடம் கழித்து இன்ஜின் என்ன ஆகும் என்பதெல்லாம் பார்ப்பவருக்குத் தெரியும். நூறு ஆண்டுப் பழக்கம் அந்த வேலையைச் செய்துவிட்டது. அதனால் பெட்ரோல் கார் விளம்பரம் ஆசையைத் தூண்டுவதோடு நின்றுகொள்ளலாம்.

மின்சார காருக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2022-ல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், மின்சார கார் வாங்கத் தயங்குவது ஏன் என்று கேட்டது. எங்கே, எப்போது சார்ஜ் செய்வது என்பதுதான் பிரச்சினை என்றவர்கள் 61 சதவீதம். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்ற கவலை 55 சதவீதத்தினருக்கு. வாங்கும் செலவும் பராமரிப்புச் செலவும் தடை என்றவர்கள் 52 சதவீதம். இந்தப் பதில்களில் கொள்கை வெறுப்பு எதுவும் இல்லை. வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் வாங்கும் எவரும் கேட்கும் நியாயமான கேள்விகள் இவை. கேள்வி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பதில் சொல்வதற்கு விளம்பரத்தைவிட நல்ல இடம் எது? ஆனால் விளம்பரங்கள் என்ன செய்தன என்று பார்ப்போம்.

முதல் பெரிய முயற்சி 1996-ல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் இவி1 காரை அந்த ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் குத்தகைக்கு விட்டது. அதற்கான டிவி விளம்பரத்தில் ஒரு வீட்டில் உள்ள டோஸ்டர், மேசை விளக்கு முதலான மின்சாதனங்கள் எல்லாம் உயிர்பெற்று, தெருவுக்கு ஓடிவந்து, தங்கள் இனத்தில் புதிதாகப் பிறந்த காரை வரவேற்கின்றன. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்கு மாயக்காட்சிகள் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம்தான் இதற்கும் வேலை செய்தது. அழகான கற்பனைதான். வீட்டில் பிளக்கில் செருகிக்கொள்ளலாம் என்ற செய்திகூட அதற்குள் ஒளிந்திருந்தது. ஆனால் அந்தக் கார் எத்தனை மைல் போகும், யாருக்குக் கிடைக்கும், மாதம் என்ன செலவாகும் என்பதைப் பார்த்தவர்கள் வேறெங்கோதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மொத்தம் 1,117 கார்களே தயாராயின. பிறகு நிறுவனமே அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. அந்தக் காரின் கதையைச் சொல்லும் 2006-ன் ஆவணப்படம் பலரையும் குற்றக் கூண்டில் ஏற்றுகிறது. அதில் விளம்பரத்தின் போதாமையும் ஒன்று.

பனிக்கரடியும் நீச்சல்குளமும்

2010 செப்டம்பரில் நிஸான் தன் லீஃப் காருக்காக வெளியிட்ட விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது. துருவத்தில் பனி உருகிச் சரிகிறது. தனித்து விடப்பட்ட பனிக்கரடி ஒன்று நீந்திக் கரையேறி நடக்கத் தொடங்குகிறது. காடு, நெடுஞ்சாலை, பெருநகரம் எல்லாவற்றையும் கடந்து, புறநகர் வீடு ஒன்றின் வாசலுக்கு வந்து சேர்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும் ஒருவர் தன் லீஃப் காரின் கதவைத் திறக்கப் போகிறார். கரடி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. அவர் திகைத்துத் திரும்ப, கரடி அவரைக் கட்டி அணைத்துக்கொள்கிறது. இந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் இருந்தார்கள். உணர்ச்சியைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்று எரிச்சல்பட்டவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் எரிச்சல்பட்டவர்கள் கேட்ட கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வி, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது. 2010-ல் அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் மின்மோட்டாரின் திறன் காரணமாகப் பல இடங்களில் மொத்தப் புகை குறையும் என்று பதில் சொல்லியிருக்கலாம். மின்நிலையங்கள் மாற மாற, வாங்கிய காரே ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகும் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே வலுவான பதில்கள். விளம்பரம் பதில் சொல்லாமல் கட்டிப்பிடித்தது. வாங்கியவர் நல்லவர் என்று கரடியே சான்றிதழ் கொடுத்தால், வாங்காதவர் யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. அரசின் சோதனைப்படி அந்த முதல் லீஃப் ஒரு சார்ஜில் 73 மைல், அதாவது ஏறக்குறைய 117 கிலோமீட்டர் ஓடும். தினமும் நாற்பது கிலோமீட்டர் போய்வரும் ஒருவருக்கு இது தாராளம். வெளியூர் போகிறவருக்குப் போதாது. யாருக்கு ஏற்ற கார் என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும். அதை வைத்து வாங்குபவர் முடிவெடுத்திருந்தால் குற்ற உணர்ச்சிக்கும் கோபத்துக்கும் அங்கே வேலையே இருந்திருக்காது.

ஏறக்குறைய மூன்றரை ஆண்டு கழித்து, 2014 பிப்ரவரியில், சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா ஒளிபரப்பின்போது காடிலாக் இ.எல்.ஆர். காருக்கு வந்த விளம்பரம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. நடிகர் நீல் மெக்டோனா தன் பெரிய வீட்டின் நீச்சல்குளத்தருகே நின்று பேசத் தொடங்குகிறார். மற்ற நாட்டுக்காரர்கள் ஆகஸ்ட் மாதம் முழுக்க விடுமுறையில் போய்விடுகிறார்கள், நாங்கள் உழைக்கிறோம், அதனால்தான் எங்களிடம் இவையெல்லாம் இருக்கின்றன என்று வீடெல்லாம் நடந்தபடி சொல்லி முடித்து, வாசலில் நிற்கும் காரின் சார்ஜ் வயரைக் கழற்றுகிறார். அமெரிக்க உழைப்புக்கு மரியாதை என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். விடுமுறை எடுக்கக்கூட முடியாமல் உழைப்பவர்களின் வலியைப் பெருமையாக்கிக் காட்டும் பணத்திமிர் என்று இன்னொரு சாரார் கொதித்தார்கள். போட்டி நிறுவனமான ஃபோர்டு உடனே பதில் விளம்பரம் எடுத்தது. டெட்ராய்ட் நகரில் உணவுக் கழிவிலிருந்து உரம் தயாரிக்கும் ‘டெட்ராய்ட் டர்ட்’ அமைப்பின் நிறுவனர் பாஷோன் மர்ரே, அதே நடை, அதே வசன அமைப்பில், மண்ணையும் ஊரையும் மேம்படுத்தும் உழைப்பைப் பற்றிப் பேசினார். நாடே விவாதித்தது. விவாதத்தின் பொருள் வர்க்கம், உழைப்பு, தேசம். அந்த 75,000 டாலர் காரில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியில் மட்டும் அது அறுபது கிலோமீட்டர் அளவுக்கே ஓடும் என்ற செய்தி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது.

பிரிட்டனில் 2019-ல் நடந்தது இன்னும் நுட்பமானது. ஃபோக்ஸ்வாகனின் மின்சார கோல்ஃப் காருக்கான டிவி விளம்பரத்தில், மனிதர்கள் புதிய சூழலுக்கு எப்படித் தங்களைப் பழக்கிக்கொள்கிறார்கள் என்று சில காட்சிகள் வரும். செங்குத்துப் பாறையில் கட்டிய கூடாரத்தில் ஓர் ஆணும் தூங்கும் ஒரு பெண்ணும், விண்வெளியில் மிதக்கும் இரண்டு ஆண்கள், செயற்கைக் காலுடன் நீளம் தாண்டும் ஒரு வீரர், கடைசியில் பூங்கா பெஞ்சில் குழந்தையின் தள்ளுவண்டி அருகே அமர்ந்திருக்கும் ஒரு பெண். தீங்கு விளைவிக்கும் ஆண்–பெண் வார்ப்புகளை விளம்பரங்களில் காட்டக் கூடாது என்ற விதி பிரிட்டனில் அந்த ஆண்டு ஜூனில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மூன்று பேர் புகார் செய்தார்கள். விளம்பரத் தர ஆணையம் விசாரித்து, சாகசம் ஆணுக்கு, பராமரிப்பு பெண்ணுக்கு என்று அந்த வரிசை சொல்வதாகத் தீர்ப்பளித்து, ஆகஸ்டில் அதைத் தடை செய்தது. மூன்று பேர் புகாருக்குத் தடையா என்று பலர் கேட்டார்கள். தடை சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மின்சார காருக்குப் பழகுவது என்றால் என்ன, இரவில் வீட்டில் எப்படிச் சார்ஜ் போடுவது, வாரம் எத்தனை தடவை போடுவது என்பதை விளம்பரம் காட்டியிருந்தால் பார்ப்பவரின் கண் அங்கே போயிருக்கும். அதெல்லாம் இல்லாத படத்தில் எஞ்சியிருந்தவர்கள் மனிதர்கள்தான். பார்வையாளர்கள் அந்த மனிதர்களைப் பார்த்தார்கள்.

ஜாகுவார் இதன் எல்லைக்கே போனது. முழுக்க மின்சார கார் நிறுவனமாக மாறப்போவதை அறிவிக்க 2024 நவம்பரில் அது இணையத்தில் வெளியிட்ட 30 விநாடிப் படத்தில் ஒரு கார்கூட இல்லை. பளிச்சென்ற நிறங்களில் உடையணிந்த மாடல்கள் மட்டுமே இருந்தார்கள். உலகம் முழுக்கக் கேலியும் கோபமும் கிளம்பின. நீங்கள் கார் விற்கிறீர்களா என்று எலான் மஸ்க் கேட்டது எல்லா ஊர்ச் செய்திகளிலும் வந்தது. அந்த எதிர்வினை முழுவதும் நேர்மையானது என்று சொல்ல மாட்டேன். படத்தில் இருந்தவர்களின் நிறத்தையும் தோற்றத்தையும் வைத்து வெறுப்பைக் கொட்டியவர்கள் நிறையப் பேர். மறு ஆண்டு ஜாகுவார் விற்பனை அடியோடு சரிந்தபோது விளம்பரமே காரணம் என்று எழுதியவர்கள், பழைய மாடல்களின் உற்பத்தியை நிறுவனமே திட்டமிட்டு நிறுத்தியிருந்ததை மறைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் புகைச்சலுக்கு நடுவே ஒரு நியாயமான கேள்வி இருந்தது. அதைக் கேட்க வெறுப்பு தேவையில்லை. கார் எங்கே என்பதுதான் அது.

வராத காருக்கு விளம்பரம், கிடைக்காத தூரத்துக்கு எண்

காரைக் காட்டிய விளம்பரங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. காட்டிய கார் வரவில்லை. டீசல் புகை மோசடி 2015-ல் அம்பலமாகிப் பெயர் கெட்டுப்போன ஃபோக்ஸ்வாகன், 2019-ல் அமெரிக்க டிவியில் அந்த மோசடிச் செய்தியின் குரலிலிருந்தே தொடங்கும் ஒரு விளம்பரத்தை வெளியிட்டது. தவறை ஒப்புக்கொண்டு இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறோம் என்று சொன்ன துணிச்சலான படம். அதில் நம்பிக்கையின் உருவமாக வந்தது ஐ.டி. பஸ்ஸ் என்ற மின்சார வேன். அமெரிக்கர்கள் அதை வாங்க 2024 கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 சூப்பர் பவுலில், 30 விநாடிக்கு 70 லட்சம் டாலர் வரை விலை போன நேரத்தில், ராம் நிறுவனம் தன் மின்சாரப் பிக்கப் வண்டிக்கு விளம்பரம் செய்தது. பாலியல் குறைபாட்டு மருந்து விளம்பரங்களைக் கிண்டல் செய்யும் பாணியில், தூரம் போதுமா, இழுவைத் திறன் இருக்குமா என்ற பயங்களைத் தம்பதிகள் சொல்வதுபோல அது அமைந்தது. மக்களின் சந்தேகங்களை வாய்விட்டுச் சொன்ன அபூர்வமான விளம்பரம் என்று அதைப் பாராட்டலாம், நன்றாகவே ரசிக்கப்பட்டது. எங்கள் வண்டி வந்தால் இந்தக் கவலையெல்லாம் தீரும் என்பது அது தந்த வாக்கு. முழு மின்சாரப் பிக்கப்பைக் கைவிடுவதாக அதன் தாய் நிறுவனம் ஸ்டெல்லான்டிஸ் 2025 செப்டம்பரில் அறிவித்தது. கேள்வியை எழுப்பிவிட்டுப் பதில் தராமல் போனால், அந்தக் கேள்வி முன்பைவிட உறுதியாகவே மனதில் உட்காரும்.

எண்களைச் சொன்ன நிறுவனங்களும் பல நேரம் நல்ல நாளின் எண்ணையே சொன்னன. தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் 2023 ஜனவரியில் டெஸ்லாவுக்கு 285 கோடி வோன் அபராதம் விதித்தது. குளிரில் அதன் கார்கள் ஓடும் தூரம் அறிவித்ததைவிடப் பாதிக்கும் கீழே போகக்கூடும், அதைச் சொல்லவில்லை என்பது காரணம். அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஹூண்டாய், டொயோட்டா விளம்பரங்களைத் தடை செய்தது. 350 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 18 நிமிடத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏறும் என்று ஹூண்டாய் சொன்னது பொய்யில்லை. பேட்டரியின் சூடு, வயது, வெளி வெப்பநிலை எல்லாம் சரியாக அமைந்தால் ஏறும். ஆனால் அப்படிப்பட்ட சார்ஜர்கள் நாட்டில் மிகச் சில இடங்களிலேயே இருந்தன.

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சார கார் ஒரு சார்ஜில் 312 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. இருநூறைக்கூடத் தாண்டவில்லை என்று டெல்லியில் ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தார். 2021 மார்ச்சில் டெல்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தை நிறுத்திவைத்தது. அது ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைச்சாலையின் சான்றளித்த எண் என்றது நிறுவனம். சில நாட்களிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவுக்குத் தடை விதித்தது. சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்தது. அனுபவத்தில் வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருந்தது. சோதனைச்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு, நால்வரை ஏற்றிக்கொண்டு, நெரிசலில் யாரும் ஓட்டுவதில்லை. இந்த இடைவெளியை மூடும் முயற்சியாக டாடா 2024-ல் சி75 என்ற இன்னோர் எண்ணையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்கு நடைமுறையில் கிடைக்கும் தூரம் அது. 45 கிலோவாட்–மணி பேட்டரி கொண்ட நெக்ஸானுக்குச் சான்றளித்த தூரம் 489 கிலோமீட்டர். சி75 கணக்கில் 350 முதல் 375 வரை. சிறிய எண்ணைத் தானே முன்வந்து சொல்வதால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தைத் தாண்டிய செயல் இது. எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய வழி.

சில மறுப்புகள்

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு விளம்பரத் துறையிலிருந்தே வரும். டிவி விளம்பரத்தின் வேலை கவனத்தை ஈர்ப்பது. விவரம் சொல்வதற்கு இணையதளமும் ஷோரூமும் இருக்கின்றன. 30 விநாடியில் பாடம் நடத்த முடியாது என்பார்கள். தெரிந்த பொருளுக்கு இது சரி. புதிய பொருளுக்கு இதே துறை வேறு வழியில்தான் போயிருக்கிறது. மிக்ஸி புதிதாக வந்தபோது அதில் மாவு அரைத்துக் காட்டித்தான் விற்றார்கள். காரைக் கேரேஜில் நிறுத்துவது, வயரைச் செருகுவது, காலையில் நிறைந்திருப்பது, அந்த மாதக் கரண்ட் பில் எவ்வளவு என்பது: இவை நான்கும் 30 விநாடிக்குள் அடங்கும். பனிக்கரடிக்கு ஆன செலவில் கால்பங்குகூட ஆகாது.

இரண்டாவது மறுப்பு, குறைகளைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்பது. மக்கள் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார்கள். மேலே சொன்ன 61 சதவீதமும் 55 சதவீதமும் விளம்பரம் சொல்லிக் கொடுத்து வந்தவை அல்ல. சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்புகிறது. மழையில் ஓட்டினால் ஷாக் அடிக்கும், மூன்று வருடத்தில் பேட்டரி போய்விடும் என்றெல்லாம் சுற்றும் பேச்சுகளுக்குச் சரியான மருந்து, வெயிலில், மழையில், ஏற்றத்தில் இத்தனை கிலோமீட்டர் என்று நிறுவனமே எழுத்தில் சொல்வதுதான்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. எதிர்வினைகளில் பாதி கட்சி அரசியல். அதை எந்த விளம்பரமும் மாற்றாது என்பது. அமெரிக்காவில் இது பெருமளவு உண்மை. பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புகளில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களுக்கும் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களுக்கும் இடையே இதில் பெரிய இடைவெளி இருக்கிறது. மின்சார கார் வாங்க யோசிப்போம் என்றவர்கள் 2023-ல் 38 சதவீதமாக இருந்து 2024-ல் 29 சதவீதமாகக் குறைந்தார்கள். விளம்பரங்களால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது. விலை, வட்டி, சார்ஜர் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்த முடிவு அது. ஆனால் நட்சத்திரங்களை வைத்துக் கோடிகளைக் கொட்டிய விளம்பரங்கள் அந்தச் சரிவைத் தடுக்கவும் இல்லை. ஒரு பொருள் என்ன செய்யும் என்பது தெரியாதவரை அது யாருடைய பொருள் என்பதை வைத்தே மனிதர்கள் முடிவெடுப்பார்கள். நல்லவர்களின் கார், பணக்காரர்களின் கார், புதுமைவாதிகளின் கார் என்று ஏறக்குறைய முப்பது ஆண்டு காட்டிவிட்டு, மற்றவர்கள் அது நம் கார் இல்லை என்று நினைத்தால் குறை சொல்ல முடியாது.

நான்காவது மறுப்பு, நார்வேயைக் காட்டுவது. அங்கே மின்சார கார்கள் பெருகியது விளம்பரத்தால் அல்லவே, வரிச்சலுகையால்தானே. அப்படியிருக்க விளம்பரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். முதல் பகுதி முழு உண்மை. 1990 முதல் வாங்கும் வரி இல்லை, பிறகு சுங்கச்சாவடியில் கட்டணம் இல்லை, 2001 முதல் மதிப்புக்கூட்டு வரி இல்லை, பேருந்துத் தடத்தில் ஓட்ட அனுமதி என்று படிப்படியாகச் சலுகைகள் வந்தன. 2020-ல் புதிய கார் விற்பனையில் 54 சதவீதமாக இருந்த மின்சார கார்கள் 2024-ல் 89 சதவீதத்தைத் தொட்டன. ஆனால் அந்தச் சலுகைகள் பிறந்த கதையில் ஒரு விளம்பரமும் இருக்கிறது. 1989-ல் பெல்லோனா சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெடெரிக் ஹௌகாவும் ‘ஆ-ஹா’ பாப் குழுவின் கலைஞர்களும் மின்சாரமாக மாற்றிய ஒரு ஃபியட் பாண்டா காரை எடுத்துக்கொண்டு, சுங்கக் கட்டணம் கட்டாமலேயே சாவடிகளைக் கடந்து போனார்கள். அபராதம் ஏறியது, கார் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது, அவர்களே திரும்ப வாங்கினார்கள், மறுபடியும் ஓட்டினார்கள். செய்திகளில் அந்தக் கார் இடம்பிடித்தது. கவனத்தை ஈர்க்க அவர்களுக்கும் பிரபலங்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் ஈர்த்த கவனத்தை, புகை விடாத காருக்கு ஏன் கட்டணம் என்ற ஒரே தெளிவான கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நார்வேயில் கிடைத்தது அதற்கான பதில்.

பழகிய மக்கள் எவ்வளவு கறாராகிறார்கள் என்பதையும் அந்த நாட்டிலேயே பார்க்கலாம். டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட் கார்களைத் தானே சார்ஜ் ஆகும் கார்கள் என்று விளம்பரம் செய்ததை 2020 ஜனவரியில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் தடை செய்தது. அந்த மின்சாரம் இலவசமாக வரவில்லை, பெட்ரோலை எரித்துத்தான் வருகிறது என்பது அதன் விளக்கம். மின்சார காரை அன்றாடம் ஓட்டுபவர்கள் நிறைந்த ஊரில் இப்படிப்பட்ட சொல்லாடல் செல்லுபடியாகவில்லை.

தமிழ்நாட்டில் நாம் இன்னும் தொடக்க நிலையில் இருக்கிறோம். கிரிக்கெட் ஒளிபரப்புகளின் இடைவெளியில் மின்சார கார், ஸ்கூட்டர் விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் இங்கே உருவாகும் கருத்துதான் நெடுங்காலம் நிற்கும். அதனால் இப்போதே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. ஏசியுடன், நான்கு பேருடன், மே மாத வெயிலில் எத்தனை கிலோமீட்டர்? அப்பார்ட்மென்டில் குடியிருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார்? பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், மாற்ற நேர்ந்தால் செலவு யாருடையது? இந்த விவரங்கள் திரையின் அடியில் அரை விநாடி ஓடும் பொடி எழுத்தில் ஒளிந்துகொள்ளக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தின் வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் ஆசை காட்டி ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது இதற்குப் பொருந்தாது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு ஆதாரம் கேட்கும் விதிகளையும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும் மத்திய ஆணையமும் 2024-ல் கொண்டுவந்துவிட்டன.

விதி இருந்தால் மட்டும் போதாது, பயன்படுத்துபவர்கள் வேண்டும். காற்று மாசும் பெட்ரோல் இறக்குமதிச் செலவும் நம்மை நெருக்கும் காலத்தில் மின்சார கார்கள் நமக்குத் தேவை. அவை பெருக வேண்டும் என்று விரும்புகிறவர்களே அவற்றின் விளம்பரங்களை மிகக் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டும். ஏமாந்ததாக நினைக்கும் ஒரு வாடிக்கையாளர் பத்துப் பேரைத் தடுத்துவிடுவார். சொன்ன தூரம் ஓடிய காரை வைத்திருப்பவர் பத்துப் பேரை அழைத்து வருவார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிரிட்டனில் ஒரு பெரிய நிறுவனத்தின் விளம்பரம் மூன்று பேரின் புகாரில் விசாரணைக்கு வந்தது. இங்கும் ஒரு தெருவிலிருந்து மூன்று பேர் எழுதினால், அடுத்த விளம்பரத்தை எழுதும்போது கிலோமீட்டர் கணக்கில் கொஞ்சம் கூடுதல் கவனம் வரும்.